மர வட்டுகளைச் சமமாக்குவதும் வழவழப்பாக்குவதும்: முதன்முறை செய்பவர்களுக்கு

புயலில் சாய்ந்த வேப்பமரம், மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று கழித்த மாங்கிளை, விறகுக்கடையில் கிடக்கும் புளியந்தண்டு. இவற்றைக் குறுக்கே அறுத்து எடுக்கிற வட்டுகளைப் பார்த்ததும் டீபாய், ஸ்டூல், சுவர்க்கடிகாரம் என்று ஏதாவது ஒரு திட்டம் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். 120 நம்பர் உப்புத்தாளால் அரை நாள் தேய்த்தும் ரம்பக் கோடுகள் போகாது. மேஜையில் வைத்தால் வட்டு ஆடும். பாலிஷ் காய்ந்த சில வாரங்களில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிடும். பலகைக்குச் செய்கிற வேலையை வட்டுக்கும் அப்படியே செய்வதால் வருகிற கோளாறுகள் இவை.

வெட்டுமுகத்தின் குணம்

மரத்தின் நார்கள் தண்டின் நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்கள். பலகையின் முகத்தில் அவை படுத்திருக்கும். வட்டின் முகத்தில், அதாவது வெட்டுமுகத்தில், வாயை மேலே காட்டிக்கொண்டு நிற்கும். விளக்குமாற்றுக் கட்டின் அடிமுனையைத் தரையில் தட்டிச் சமமாக்கிவிட்டுப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதே அமைப்பு. பலகையை இழைக்கும்போது நார்களைச் சீவி உரிக்கிறோம். வட்டின் முகத்தை இழைக்கும்போது ஒவ்வொரு நாரையும் குறுக்கே வெட்டியாக வேண்டும். ஒரே மரத்தில் வெட்டுமுகம் மட்டும் பல மடங்கு கடினமாகத் தோன்றுவது இதனால்தான். மொன்னையான உளி அதை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நார் அப்போதைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், பாலிஷின் ஈரம் பட்டதும் எழுந்து நின்றுவிடும்.

இதே குணம் பயன்படுகிற இடமும் உண்டு. கறிக்கடையில் இருக்கும் புளியமரக் கட்டை குறுக்கே அறுத்த வட்டுதான். கத்தியின் கூர் நிற்கும் நார்களுக்கு இடையே இறங்கி வெளியே வருவதால் கட்டையும் சீக்கிரம் சிதையாது, கத்தியும் சீக்கிரம் மழுங்காது. புளியமரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்வதால் அந்தக் கட்டை எளிதில் பிளக்கவும் செய்யாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். வட்டில் நாரின் நீளம் என்பது வட்டின் கனம் மட்டுமே. 30 செ.மீ. அகல வட்டை 2 செ.மீ. கனத்தில் அறுத்தால் அது பிஸ்கட் மாதிரி உடையும். அந்த அகலத்துக்கு 5 செ.மீ. கனமாவது வைத்து அறுங்கள். சமமாக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 8 முதல் 10 மி.மீ. வரை போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கையால் பிடித்து அறுத்த செயின்சா வெட்டு என்றால் இன்னும் கூடப் போகும்.

முதலில் காயட்டும்

பச்சை வட்டைச் சமமாக்குவது வீண்வேலை. இன்று சமமாக இருப்பது காயக் காயக் குழிந்து, முறுக்கி, வெடிக்கும். வெடிப்பு ஏன் எப்போதும் ஆப்பு வடிவில், விளிம்பில் அகலமாகவும் நடுவில் குறுகலாகவும் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காயும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. சுருக்கம் குறைவு என்று பெயரெடுத்த தேக்கையே எடுத்துக்கொள்வோம். பச்சையிலிருந்து முற்றிலும் காயும்வரை அது ஆரவாக்கில் 2.5 சதவீதமும் வளையவாக்கில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலும் சுருங்குகிறது. 30 செ.மீ. விட்டமுள்ள வட்டின் சுற்றளவு 94 செ.மீ. வீட்டுக்குள் வைக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 12 சதவீத ஈரப்பதம் வரை காய்ந்தாலே, அந்த வித்தியாசம் விளிம்பில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் பற்றாக்குறையாக நிற்கும். மரம் இழுத்துக் கொஞ்சம் தாங்கும், மிச்சத்தை வெடித்துத் தீர்த்துக்கொள்ளும். நடுப்புள்ளி அடங்கிய முழு வட்டு வெடிக்காமல் காய்ந்தால் அது அதிர்ஷ்டம். சவுக்கு போன்ற மரங்களில் அந்த அதிர்ஷ்டத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். அறுத்த அன்றே, விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை ஒரே ஒரு ரம்பவெட்டு போட்டுவிடுங்கள். சுருக்கம் முழுவதும் அந்த வெட்டில் திறந்துகொள்ளும், மற்ற இடங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். காய்ந்த பிறகு அதில் வேறு நிற மரத்தில் ஒரு ஆப்பைச் சீவி ஒட்டினால் வேண்டுமென்றே செய்த அலங்காரமாகத் தெரியும்.

வெட்டுமுகத்தின் வழியே ஈரம் வெளியேறும் வேகம், பலகை முகத்தின் வழியே வெளியேறுவதைவிட 10 முதல் 15 மடங்கு. அதனால் வட்டு சீக்கிரம் காயும். ஆனால் வேகம்தான் வெடிப்பைக் கூட்டும். வெயிலில் போடாதீர்கள், ஃபேனுக்கு அடியிலும் வேண்டாம். நிழலான அறையில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு முகத்துக்கும் காற்றுப் படும்படி வையுங்கள். தரையில் படுக்க வைத்தால் மேல்முகம் மட்டும் காய்ந்து, வட்டு தட்டு மாதிரி குழியும். காற்று அதிகமுள்ள ஊரில் முதல் சில வாரங்கள் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி வைப்பது நல்லது. மாங்கட்டையிலும் ரப்பர் மரத்திலும் இந்த நேரத்தில்தான் பூஞ்சைக் கறையும் வண்டும் வரும். அறுத்த உடனே போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரைப் பூசிவிடுங்கள், வெள்ளைப் பகுதியில் தாராளமாக.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் வட்டைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் வட்டின் மேலேயே எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால், அந்த இடத்தின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. 'அந்த இடத்தின்' என்பது இங்கே முக்கியம். தமிழகக் கடலோர ஊர்களில் அந்தச் சமநிலை 12 முதல் 15 சதவீத ஈரப்பதம். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது 9 சதவீதம் வரை இறங்கும். சென்னையில் நன்றாகக் காய்ந்த வட்டு அலுவலக மேஜைக்குப் போன பிறகு புதிதாக வெடிப்பது இதனால்தான். எந்த அறைக்குப் போகப்போகிறதோ, அதே அறையில் கடைசி ஒரு மாதம் கிடக்கட்டும்.

சமமாக்குவது: ரவுட்டர் ஸ்லெட்

வீட்டுப் பட்டறையில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட வட்டைச் சமமாக்க நம்பகமான வழி ரவுட்டரும் (பிட் என்ற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றும் கை மெஷின்) அது ஓடும் மரச் சட்டமான ஸ்லெட்டும்தான். மற்ற வழிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம். பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் திக்னஸ் பிளானர் மெஷினில் வட்டை விடவே விடாதீர்கள். பிளேடு வெட்டுமுகத்தைக் கொத்தி இழுக்கும், பின்விளிம்பு பெயரும், சில சமயம் முழு வட்டும் உள்ளேயே சிதறி ஆளை நோக்கி வரும். ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டால் ரம்ப மேடுகள் வேகமாகப் போகும். ஆனால் அதனால் சமதளம் தர முடியாது, பள்ளம்தான் தரும். பெல்ட் சாண்டரும் ஏறக்குறைய அதே கதை.

ஸ்லெட்டின் தத்துவம் எளிது. ஒரே உயரமுள்ள இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் மேல் குறுக்கே நகரும் ஒரு தொட்டி, தொட்டிக்குள் இடவலமாக ஓடும் ரவுட்டர். வட்டு தண்டவாளங்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் எங்கே போனாலும் பிட்டின் நுனி ஒரே உயரத்தில் இருப்பதால், அதற்கு மேலே இருக்கும் மரம் எல்லாம் போய்விடும்.

35 செ.மீ. வட்டுக்கான அளவுகள் இவை. அடிப்பலகை 70க்கு 65 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட். தண்டவாளங்கள் 65 செ.மீ. நீளம், இடையில் 42 செ.மீ. இடைவெளி. இரண்டையும் ஒரே பலகையில் ஒரே ரம்ப அமைப்பில் அடுத்தடுத்து அறுங்கள், அப்போதுதான் உயரம் ஒன்றாக இருக்கும். தொட்டியின் அடி 12 மி.மீ. பிளைவுட், நீளம் 65 செ.மீ., உள்ளகலம் ரவுட்டர் அடித்தட்டைவிட 1 மி.மீ. மட்டும் கூடுதல். நடுவில் 40 செ.மீ. நீளத்துக்கு ஒரு திறப்பு, அதன் அகலம் பிட்டைவிட 10 மி.மீ. கூடுதல். திறப்பின் இரண்டு முனையிலும் ரவுட்டரை நிறுத்தும் கட்டைகள் வேண்டும். இல்லையென்றால் பிட் ஒருநாள் தண்டவாளத்தையே வெட்டும். தொட்டியின் பக்கச்சுவர்கள் 7 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். சுவர் குட்டையானால் ரவுட்டரின் எடையில் தொட்டி நடுவில் தொய்யும், அந்தத் தொய்வு அப்படியே வட்டின் நடுவில் பள்ளமாகப் பதியும்.

பிட் குட்டையானது, தொட்டியின் அடியைத் தாண்டிக் கீழே 15 மி.மீ. அளவுதான் எட்டும். எட்டவில்லை என்று பிட்டை அதன் பிடிவாயான கோலட்டிலிருந்து வெளியே இழுத்து மாட்டுகிற பழக்கம் ஆபத்தானது. வட்டுக்கு அடியில் பிளைவுட் துண்டு வைத்து வட்டை உயர்த்துங்கள்.

பிட் வாங்கும்போது அடி தட்டையான கிளீனிங் பிட் கேளுங்கள். அரை அங்குலக் கோலட் உள்ள ரவுட்டர் என்றால் 40 முதல் 50 மி.மீ. விட்டம் வரை போகலாம், ஆனால் வேகத்தை 10,000 முதல் 12,000 சுற்றுக்குக் குறைக்க வேண்டும். 50 மி.மீ. பிட்டை 25,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 235 கி.மீ. வேகத்தில் போகும். அந்த அளவுப் பிட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கால் அங்குலக் கோலட் உள்ள சிறிய டிரிம் ரவுட்டர்கள் பல, வேகத்தைக் குறைக்க வழியில்லாமல் 30,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை. அவற்றில் 20 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இனி வட்டை உட்கார வைக்க வேண்டும். எந்த வட்டும் முதலில் ஆடத்தான் செய்யும். ஆடும் மூலைகளில் மெல்லிய ஆப்புகளைச் செருகுங்கள். செருகும்போதே மேல்முகத்தின் மேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வருகிற மாதிரி சரிசெய்தால், வீணாகும் மரம் பாதியாகக் குறையும். மூன்று நான்கு இடங்களில் அளந்து பார்த்துவிட்டு ஆப்புகளை ஹாட் குளூவால் அடிப்பலகையோடு ஒட்டிவிடுங்கள். வட்டைச் சுற்றி நான்கு சிறு கட்டைகளை முட்டுக்கொடுத்துத் திருகுங்கள், வெட்டும் மட்டத்துக்கு நன்கு கீழே. கையால் அழுத்தி உலுக்கிப் பார்த்தால் வட்டு அசையவே கூடாது.

முதல் ஓட்டத்தில் பிட் மிக உயரமான மேட்டை மட்டும் தொடட்டும். அடுத்தடுத்த ஓட்டங்களில் அரை அங்குல ரவுட்டருக்கு 1.5 முதல் 2 மி.மீ., டிரிம் ரவுட்டருக்கு 1 மி.மீ.க்குள். வெட்டுமுகத்தில் பேராசைப்பட்டால் பிட் அதிரும், அதிர்ந்தால் முகம் முழுக்க அலையலையாகத் தழும்பு விழும். ஒவ்வொரு வரிக்கும் தொட்டியைப் பிட்டின் பாதி அகலம் மட்டும் நகர்த்துங்கள். ரவுட்டர் போகும் திசையைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால், இன்னும் வெட்டாத மரம் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் பிட் மரத்தில் ஏறி ஓட, ரவுட்டர் கையை இழுக்கும். ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் கருகும். வெட்டுமுகத்தில் கருகல் குழாய்களுக்குள் இறங்கிவிடுவதால் உப்புத்தாளால் அதை எடுப்பது பெரிய பாடு.

பட்டையோடு வேண்டும் என்பவர்கள் விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, பட்டைக்கும் மரத்துக்கும் இடையே தெரியும் கீறலில் தண்ணீர் போன்ற சூப்பர் குளூவை விட்டுக்கொள்ளுங்கள். விளிம்பை நெருங்கும்போது ஆழத்தைப் பாதியாக்குங்கள். விரலால் தள்ளினாலே அசைகிற பட்டை எப்படியும் நிற்காது. அதை இப்போதே உரித்துவிடுவதுதான் நல்லது.

வெடிப்புகளை எபாக்சியால் நிரப்புவதென்றால், இரண்டு முகமும் ஏறக்குறைய சமமான பிறகு, கடைசி ஓட்டத்துக்கு முன்பு நிரப்புங்கள். அடியில் டேப் ஒட்டி, வெடிப்பின் உள்சுவர்களில் முதலில் எபாக்சியை மெல்லிய பூச்சாகப் பூசி அது கெட்டியாகத் தொடங்கும்வரை காத்திருங்கள். இந்தப் பூச்சு இல்லாமல் ஊற்றினால் நார்க்குழாய்களில் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். முழுதும் இறுகிய பிறகு 0.5 மி.மீ. ஆழத்தில், நிதானமாக, கடைசி ஓட்டம்.

ஓட்டம் முடிந்ததும் வரிகளுக்கு இடையே நகத்தால் குறுக்கே தேய்த்துப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்து நகத்துக்குத் தட்டாமல் இருந்தால் சரி. நகம் தட்டி நின்றால் ரவுட்டரின் அடித்தட்டு சாய்ந்திருக்கிறது அல்லது தொட்டி தொய்கிறது. அதைச் சரிசெய்யாமல் உப்புத்தாளுக்குப் போனால் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டியிருக்கும். பிறகு வட்டைத் திருப்பி, சமமான முகத்தைக் கீழே வைத்து, மறுபக்கம். இப்போது ஆப்பு எதுவும் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் முதல் முகம் சமமாகவில்லை என்று அர்த்தம்.

10, 15 செ.மீ. கோஸ்டர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், கை இழைப்புளி போதும். வட்டின் முகத்தில் ஸ்பிரிட்டை லேசாகத் தடவி, அது உலர்வதற்குள் இழையுங்கள். இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, எப்போதும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளினால் கடைசி நார்களுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாததால் பிய்ந்துகொண்டு போகும். கூர் சரியா என்பதைச் சீவலே சொல்லிவிடும். மெல்லியதாக ஒட்டிக்கொண்டு வந்தால் கூர் இருக்கிறது, தூளாக உதிர்ந்தால் உளியைத் தீட்டும் நேரம்.

வழவழப்பு: முதல் தாளில்தான் வேலை

எண் கூடக் கூட உப்புத்தாளின் மணல் நுண்மையாகும். அதன் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே வேலைதான். தனக்கு முந்தைய எண் விட்டுப்போன கீறலை எடுத்துவிட்டு, தன் கீறலை விட்டுச் செல்வது. ரவுட்டர் வரிகளை எடுக்கும் பொறுப்பு முதல் தாளுடையது. அது முடிக்காத வேலையை 220 வந்து முடிக்காது. ரவுட்டர் முகம் நன்றாக இருந்தால் 80இல் தொடங்கலாம், அலைத் தழும்பு இருந்தால் 60இல். பிறகு 100 அல்லது 120, 150, 180, 220. மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் முதல் தாளிலேயே கழிய வேண்டும். அப்படிக் கழியவில்லை என்றால் எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கு முன்பும் முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். கோடு மறையும்வரை தேய்த்த பிறகு மொபைல் டார்ச்சை வட்டின் முகத்தோடு படுக்கவைத்தாற்போல் பிடித்துப் பாருங்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாத கீறல் நிழலில் தெரிந்துவிடும். இன்னொரு சோதனை, துணியில் கொஞ்சம் டர்பன்டைன் நனைத்துத் துடைப்பது. பாலிஷ் போட்டால் எந்தக் கீறல் கறுத்து நிற்கும் என்பதை அது இப்போதே காட்டிவிடும். வெட்டுமுகம் எண்ணெயை உறிஞ்சுவதால் பலகையில் கண்ணுக்கே தெரியாத 100 நம்பர் கீறல்கூட இதில் கருங்கோடாக நிற்கும்.

125 மி.மீ. ஆர்பிட்டல் சாண்டரை அழுத்தாமல், அதன் எடையிலேயே, வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். அழுத்தினால் சுற்று நின்று, பன்றிவால் மாதிரி சுருள் கீறல் விழும். தாள் மாற்றும்போதெல்லாம் முகத்தைத் தூரிகையால் தட்டி, வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். குழாய்களில் தங்கிய ஒரே ஒரு 80 நம்பர் மணல் 220இன் வேலையைக் கெடுக்கப் போதும். கையால் தேய்ப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. பலகையில் நாரின் போக்கில்தான் தேய்க்க வேண்டும், வட்டின் முகத்தில் அப்படி ஒரு போக்கே கிடையாது. அதனால் ஒரு எண்ணை ஒரு திசையிலும் அடுத்ததை அதற்குக் குறுக்கேயும் தேய்த்தால், பழைய கீறல் மிச்சமிருக்கிறதா என்று உடனே தெரியும். தாளுக்குப் பின்னால் சமமான மரக்கட்டை கட்டாயம் வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான வளையங்கள் பள்ளமாகி, கடினமானவை மேடாக நிற்கும்.

220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, எழும் நார்களை அதே 220 தாளால் லேசாகத் தட்டிவிடுங்கள். எண்ணெய் மட்டும் பூசுவதாக இருந்தால் 320 வரை போகலாம். பாலியூரிதேன், மெலமைன் போன்ற படலம் போடும் பாலிஷுக்கு 220 போதும். அதற்கு மேல் போனால் படலம் பிடிக்க இடமிருக்காது.

ரவுட்டரும் சாண்டரும் ஓடும்போது என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும்.

பூச்சு

வெட்டுமுகம் முதல் பூச்சை முழுதாகக் குடித்துவிடும், இடத்துக்கு இடம் வேறு அளவில். நேரடியாக வார்னிஷ் அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால். முதலில் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலரைத் தின்னர் கலந்து நீர்க்கவைத்து இரண்டு கோட், இடையில் 320 தாளால் ஒரு தட்டு, அதன் பிறகு மேல்பூச்சு. எண்ணெய் என்றால் முதல் நாள் முகம் உறிஞ்ச உறிஞ்சத் தடவிக்கொண்டே இருந்து, இனி உறிஞ்சாது என்றதும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது.

மேல்முகத்துக்கு எத்தனை கோட்டோ, அடிமுகத்துக்கும் அத்தனை கோட். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று அடியை விட்டுவிட்டால், மழைக்காலத்தில் அது மட்டும் ஈரம் குடித்து விரியும். ரவுட்டரால் சமமாக்கிய வட்டு மறுபடியும் குழிந்துகொள்ளும். கால் பொருத்துவதென்றால் காலில் திருகு நுழையும் துளையைத் திருகைவிட 2 மி.மீ. பெரிதாகப் போட்டு வாஷர் வையுங்கள், மரம் விரியச் சுருங்க இடம் கிடைக்கும். திருகு வெட்டுமுகத்தில் அவ்வளவாகப் பிடிக்காது என்பதால் அதன் நீளத்தையும் சற்றுக் கூட்டுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.